சட்டையில் இருந்த கறை

கோலாலம்பூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த வாலண்டைனிடம் செசிலியா ஒரு சட்டையை நீட்டினாள். பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் இருவருக்கும் பழக்கம்.

"என் வீட்டுக்காரரு சட்டைண்ணே. முதல்ல வெத்தலைக் கறைன்னாரு. துருவிக் கேட்டதும், கிள்ளான்ல கூட்டாளி முனியாண்டிக்குக் கெடா வெட்டினான், கூடப் போனேன்னாரு. பூசை தவறாத மனுசன் அங்கெல்லாம் போவாரா? அன்னைக்குத்தான் என் தம்பி மாரிஸோட சண்டை போட்டாரு. அப்புறம் அவனைக் காணவே இல்ல."

வாலண்டைன் கறைபட்ட துணியை வெட்டி உப்புநீரில் போட்டான். அது ஊறும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் குழாய்ல இருக்கிற சீரம் மனுச ரத்தம் பட்டாத்தான் வெள்ளையா வளையம் கட்டும். அந்தக் குழாய்ல இருக்கிறது ஆட்டு ரத்தத்துக்கு."

கறை கரைந்த நீரை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டான். மனித ரத்தத்துக்கான குழாய் தெளிவாகவே இருந்தது. மற்றதில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று எழுந்தது.

"ஆட்டு ரத்தம்தான் செசிலியா! நம்ம கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு மறைச்சிருக்காரு. மாரிஸ் கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருப்பான். போ, வீட்டுக்குப் போய் அவரோட சமாதானமா இரு."

அவள் எழவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாப் பாத்தீங்களாண்ணே?"

"வேணும்னா இன்னொரு தரம் செய்றேன். ஏன்?"

"நேத்து அவரு சோத்துல எலி மருந்தைக் கலந்துட்டேன். விடியறப்போ மூச்சு நின்னுபோச்சு." அவள் குரல் மாறவே இல்லை. "செஞ்சது சரிதான்னு யாராவது சொல்லணும்னுதாண்ணே இங்க வந்தேன்."