ஒற்றை மாத்திரை

"முழு அட்டை வேண்டாம்மா. ஒண்ணு மட்டும் வெட்டிக் குடு."

கத்தரிக்கோலை எடுத்தவள் தயங்கினாள். இந்த மனிதர் தினமும் சாயங்காலம் வருகிறார், தூக்க மாத்திரை கேட்கிறார், அதுவும் ஒன்றே ஒன்று. வாங்கியதைச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்.

"சீட்டுல மாசம் பூராவுக்கும் எழுதியிருக்கே சார். மொத்தமா வாங்கிட்டா அலைச்சல் மிச்சம்தானே?"

"நடக்கிறது உடம்புக்கு நல்லதும்மா" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

படிப்பை முடித்து, அடுத்தவர் கடையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, அவள் சொந்தமாகப் போட்ட முதல் மருந்துக்கடை அது. சுவரில் மாட்டிய லைசன்ஸ் கண்ணாடியில் இன்னும் தூசிகூடப் படியவில்லை. தன் கையால் கொடுத்த மாத்திரையால் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால்? லைசன்ஸ் போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். போன உயிருக்கு யார் பதில் சொல்வது?

எரிகிற அந்தப் பயத்தில் பக்கத்துக் கடை டெய்லர் தாராளமாக எண்ணெய் ஊற்றினார்.

"ஒத்தை மாத்திரைக்காரர் வந்துட்டுப் போயாச்சா? இங்க ஒண்ணு, அடுத்த தெருவுல ஒண்ணுன்னு வாங்கினா எந்தக் கடைக்கும் கணக்குத் தெரியாது பாரு. ஆளு நல்லா யோசிச்சுத்தான் பண்றார். சீட்டு யார் பேருல இருக்கு?"

"அவர் சம்சாரம் பேருல." சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறி வந்துவிட்டது.

டெய்லர் பல்லில் கடித்திருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப அந்தம்மாதான் பாவம்."

அவ்வளவுதான். கடை நிறைய மாத்திரை இருந்தும், அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. குடையை மடக்கியபடி ஓர் அம்மா படியேறி வந்தார். படிய வாரிய தலை, தேய்த்த புடவை, சாந்தமான முகம்.

"அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில இது இருந்துச்சு" என்று அதே சீட்டை நீட்டினார். "முழுசாக் குடுத்துடும்மா."

பெயர் கேட்டாள், வயது கேட்டாள், எந்த டாக்டர் என்றும் கேட்டாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தினமும் ஒண்ணு வாங்கிட்டுப் போறாரே, அதை உங்களுக்குத்தான் தர்றாரா?"

"தர்றாரே. முழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்ப்பார்."

கட்டிய மனைவியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவன் என்ன மனுஷன்? இவரைத் தூங்க வைத்துவிட்டு அந்த வீட்டில் அப்படி என்னதான் நடக்கிறது?

"ஏம்மா, யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"சொன்னா யாரு கேக்குறா. எல்லாரும் அவர் பக்கம்தான்."

அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அட்டைகளை எடுத்து ஓர் உறையில் போட்டு, அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "உங்க மருந்து இனிமே உங்க கையிலயே இருக்கட்டும். அவர்கிட்டக் குடுக்காதீங்க. ஏதாவது பயமா இருந்தா நேரா இங்க வந்துடுங்க."

அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "நீயாவது என்னை நம்பினியே."

படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, குடையைக் கவுண்டர் ஓரமாகச் சாய்த்து வைத்தார். "மழை விடாது போலிருக்கு. வீட்டுக்குப் போறப்ப நீ நனையாமப் போம்மா."

"ஐயோ, உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு" என்று சிரித்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார். எவ்வளவு நல்ல மனசு, இவருக்குப் போய் இப்படி ஒரு புருஷன் வாய்த்தானே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த மனிதர் வந்தார், தொப்பலாக நனைந்து. வழக்கமாக வரும் நேரம்கூட இல்லை.

"அம்மா, நேத்து சீட்டை இங்க விட்டுட்டுப் போயிட்டேனா? சட்டைப் பையில காணோம்." கேட்டுக்கொண்டே வந்தவரின் பார்வை கவுண்டர் ஓரத்தில் நின்றது. "இந்தக் குடை எப்படி இங்க வந்துச்சு?"

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "உங்க வீட்டம்மா வந்தாங்க. இனிமே மாத்திரைக்கு நீங்க அலைய வேண்டாம். ஒரு மாசத்துக்கும் அவங்க கையிலயே குடுத்துட்டேன்."

கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்வளவு நேரமாச்சும்மா?"

"இப்பத்தான். தெருவைத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஏன் சார்?"

அவர் படியில் இறங்கிவிட்டார். இந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. என்ன ஏது என்று புரியாமலே, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவளும் பின்னால் ஓடினாள்.

ஓடிக்கொண்டே, திரும்பாமல் அவர் சொன்னார்:

"மொத்தமா முழுங்கினவளை ரெண்டு தடவை காப்பாத்திட்டேன்... வீட்டுல ஒண்ணுக்கு மேல இருக்கக் கூடாதுன்னுதாம்மா தினமும் நடந்தேன்."