சிவப்புச் சீலைத் துண்டு

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளையள். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் பைத்தியக்கார விசர்க் கதைகளுக்குள் ஊர் ஆகக் கூடுதலாகச் சிரித்த கதை இது. இந்த முறை மிச்சம் வையாமல் சொல்கிறேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, பங்குனி மாதம், காலை எட்டரை மணி. சரவணைக் கரையில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். கடல் ஆடை படிந்த கஞ்சிபோல அசையாமல் கிடந்தது.

கடலில் ஒரு மஞ்சள் தோணி, பயற்றங்காய் போல ஒல்லியாக.

முன்னுக்கு ஒரு வெள்ளைக்காரி. பின்னுக்கு அவளுடைய புருசன். இருவர் கையிலும் துடுப்பு. நடுவில் என் தம்பி ஞானசம்பந்தன், தான் வேலை செய்த கந்தோரின் பைலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி.

அவர்களின் நாட்டில் ஆறு வழியே இப்படிப் பொழுதுபோக்காகத் துடுப்புப் போட்டுப் போவார்களாம். எங்கள் தீவுகளில் ஆறு ஏது? ஆறுபோல அடங்கிய ஆழமில்லாத கடல் இருக்கிறது, அதுவே போதும் என்று தம்பி கந்தோருக்கு எழுதிப்போட்டிருந்தான். சரவணையிலிருந்து புங்குடுதீவுப் பக்கம்வரை பதினெட்டுத் தடிகள் ஊன்றுவித்தான். வழி தெரிய ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டுவித்தான். உல்லாசப் பயணிகளுக்குத் தோணிப் பாதை!

அந்த வெள்ளைக்காரர் தோணியை ஓட்டிப்பார்த்து, நல்லது என்று எழுதினால் தம்பிக்குக் கொழும்பில் பெரிய வேலை.

அம்மா செத்த பிறகு வீட்டில் நானும் அவனும்தான். கொழும்புக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கோ.

வெள்ளை கட்டுவது செத்தவீட்டுக்கு. நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில் பதினெட்டு வெள்ளைத் துணி வரிசையாகப் பறக்கலாமோ? முதல் நாள் பின்னேரம், தண்ணீர் வற்றிய நேரம், சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். வெள்ளையை எல்லாம் அவிழ்த்துவிட்டு, ஒரு சிவப்புச் சீலையைக் கிழித்துத் தடி தடியாகக் கட்டினேன். நண்டு கடித்த விரலோடு வீட்டுக்கு வந்து தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அக்கா, நீ ஒரு நடமாடுற பஞ்சாங்கம்," என்று சிரித்தான். கோபிக்கவில்லை. பட்டணத்து விடுதியில் இருந்து படித்தவன். கடலைக் கந்தோர் யன்னலால் பார்த்தவன்.

அவன் கட்டுவித்த வழிக்குப் பக்கத்தில் பத்திநாதரின் களங்கட்டி இருந்தது. வரிசையாகத் தடி ஊன்றி, தண்ணீருக்குள் வலை கட்டியிருப்பார். மீன் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் வட்டக் கூட்டுக்குள் விழும். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. வள்ளங்கள் முட்டாமல் இருக்க அந்தத் தடிகளில் துணி கட்டியிருப்பார்.

சிவப்புத் துணி.

மூன்றாவது தடியில் இரண்டு வரிசைகளும் நெருங்கும். தோணி வலப்பக்கம் போகவேண்டும்.

இடப்பக்கம் திரும்பியது.

"தம்பி, உங்காலை போகாதை!" என்று கத்தினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவன் பைலைத் தூக்கி ஆட்டினான்.

அவ்வளவுதான். தோணி நேரே கூட்டுக்குள் போய் வலையில் முட்டியது. ஓரா மீன்கள் துள்ளின. ஒன்று வெள்ளைக்காரியின் மடியில் விழ, அவள் எழும்ப, தோணி கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேரும் மீன்களோடு மீனாக நின்றார்கள். பைல் தனியாக மிதந்தது.

பத்திநாதர் கரையில் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"எட, உது நான் மீனுக்குக் கட்டின வீடெல்லோ! ஆரைக் கேட்டு உள்ளுக்குப் போனனீங்கள்?"

கரை முழுக்கச் சிரிப்பு. பதறி ஓடிய நான் நிறைகுடத்தையும் உதைத்துக் கவிழ்த்தேன். தேங்காய் உருண்டு கடலுக்குள் போனது. அன்றைக்குச் சரியான பக்கம் போனது அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரர், சரிவராது என்று எழுதினார். கொழும்பிலிருந்து கடிதம் வரவில்லை. அடுக்கிய பெட்டியை நானே அவிழ்த்தேன்.

பிறகு இருபது வருடம், தம்பி ஊர்காவற்றுறைக் கந்தோரிலிருந்து நாலரை பஸ்ஸில் வந்து இறங்குவான். நான் தேத்தண்ணியோடு படலை வாசலில் நிற்பேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், அக்கா தன்னைக் களங்கட்டிக்குள் அனுப்பிய கதையைச் சொல்லிச் சிரிப்பான். போன ஆவணியில் சாகும்வரை சிரித்தான்.

ஊர் என்னை விசரி என்றது. அந்தப் பேர் எனக்கு உதவியாக இருந்தது.

இனித்தான் மிச்சம்.

நான் துணி மாற்றியதற்கு இரண்டு நாள் முந்தி, பத்திநாதர் மீன் கொண்டு வந்தார். அவருடைய களங்கட்டிக்கு என்ன அடையாளம் என்று படலையில் வைத்து நான்தான் கேட்டேன்.

"சிவப்புத் துணி, பிள்ளை. சிவப்பைப் பிடிச்சுக்கொண்டு வந்தால் என்ரை கூட்டுக்குள்ளைதான் வரவேணும்."

அவர் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். அம்மாவின் சிவப்புச் சீலை மேல்தட்டில் இருந்தது.

கத்தினேன் என்று சொன்னேனே, அது பொய்யில்லை. தோணி திரும்பி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

பிள்ளையள், உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் எரியட்டும். உங்கள் வீட்டில் பிறந்தவர்கள் போக நினைத்த இடத்துக்குப் போகட்டும், வர நினைத்த நாளில் வரட்டும். அவர்கள் போகிற வழியில், அன்பு மிஞ்சிய ஒருத்தி கட்டிய துணி ஒரு தடியிலும் பறக்காமல் இருக்கட்டும்.