வேணும்னே போட்ட தப்பு

மதிப்பெண் பட்டியலை நீட்டினாள் தையல்காரம்மா. மகள் வயதிருக்கும் டீச்சர் அதை வாங்கி இரண்டு முறை பார்த்தாள். பொருளாதாரம், எழுபத்தொன்று.

“ரெண்டு தடவை கோட்டை விட்ட பேப்பர். எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்.”

“எழுதினது நீங்க. நான் என்னக்கா பண்ணேன்?”

“தப்பு பண்ணீங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டியூஷனுக்கு வந்த முதல் நாள், கேள்வி முடியுமுன்பே “எனக்கு மண்டையில ஏறாது” என்றவள்தான் தையல்காரம்மா. விலை ஏற ஏற வாங்குவது குறைவதைக் காட்டும் தேவைக் கோட்டை டீச்சர் பலகையில் மேல்நோக்கி இழுத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“விலை ஏறினா எப்படிம்மா கூட்டம் கூடும்? நான் தையல் கூலியை ஏத்தினா அடுத்த தெருவுக்குல்ல போயிடறாங்க?”

அதன்பிறகு பலகையில் தினம் ஒரு தப்பு இருக்கும். அதைப் பிடிப்பதற்காகவே அவள் வீட்டில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

“என்னைப் பேச வைக்கத்தான் வேணும்னே தப்பா போட்டீங்கன்னு நாலாம் நாளே புரிஞ்சுபோச்சு டீச்சர்.”

“மத்ததெல்லாம் வேணும்னே போட்டதுதான்க்கா. முதல் நாள் போட்டது நிஜமாவே தப்பு.”

தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் பாடம் எடுத்த முதல் ஆளே நீங்கதான். பயத்துல கை தன்னால மேல போயிடுச்சு. நீங்க திருத்தினதும், நமக்கு இது சரிப்படாது, நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, ‘நாளைக்கும் வர்றேன் டீச்சர்’னீங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லைக்கா.”