தொகாஷியின் முறை

ஜப்பானின் இஸூ கடலில், எட்டு மீட்டர் ஆழத்தில், பிப்ரவரி வெயில் பச்சையாகக் கலங்கி இறங்குகிறது. பாசி படர்ந்த பாறைமுன் தொகாஷி கேமராவோடு குப்புறக் கிடக்கிறார். அவர் எடுத்து முடித்ததும் படமெடுக்கும் முறை மிட்சுயோவுடையது. பின்னால் மணலில் தன் கேமராவோடு மண்டியிட்டுக் காத்திருக்கிறாள். படமெடுப்பவரைத் தொடுவது இங்கே மரியாதையில்லை. சற்றுமுன் அவர் நீருக்கடியில் எழுதும் பலகையில் கிறுக்கிக் காட்டியிருந்தார்: "மூணு குளிர்காலமா வர்றேன். இன்னைக்கும் மீன் ஏமாத்துச்சுன்னா கேமராவ வித்துடுவேன்." அவள் அதன் கீழேயே எழுதினாள்: "வித்தா எனக்குத்தான் தரணும், தொகாஷி சான்." பாசியில் ஒட்டியிருக்கும் அந்த மீன் குன்றிமணி அளவுதான், நிறமும் அதே சிவப்பு. வயிற்றில் இருக்கும் உறிஞ்சியால் கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும். அலை ஒன்று பாசியைச் சாய்க்கிறது. மீன் கழன்று, உருண்டு, தொகாஷியின் இடது ஆள்காட்டி விரலில், கையுறையின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. கேமராவில் கண் புதைத்திருக்கும் அவர் வெறும் பாசியைத் துழாவுகிறார். மூச்சுக் குமிழ்கள் கொப்புளித்து மேலேறுகின்றன. மிட்சுயோ முதலில் மூன்று படம் எடுத்துக்கொள்கிறாள். பிறகு மனசு கேட்காமல் அவர் தோளைத் தட்டுகிறாள். அவர் திரும்பவில்லை. அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, இடது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டுகிறார்: ஒரு நிமிஷம். விரல் நுனியிலிருந்து மீன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.