மழையை ஏசியவள்

மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வேல்ராஜுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஆள் பள்ளிக்கூட வாத்தியார். பேசப் பயப்படுகிறவரில்லை. ஆனால் அக்கா சொர்ணத்தாய் பின்வரிசையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கோவில்பட்டி வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அது. வழக்கமாக நாலு பேர் வந்து கடலைமிட்டாயைக் கடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நாற்காலி பற்றவில்லை. கண்ணபிரான் எழுதிய நாவல் ஆபாசமா இல்லையா என்று விவாதம். ஆபாசம் என்று முடிவானால் ஆண்டு விழாவுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை.

ஊர் ஊராக வசவு வாங்கிய மனுஷன். சொந்த ஊரிலாவது ஒரு மேடை கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தார். அவருக்காகப் பேச வேல்ராஜை விட்டால் அங்கே நாதியில்லை.

வேல்ராஜும் தன்னால் ஆனமட்டும் பேசினார். கட்டுடைப்பு என்றார், பிரதி என்றார், பின்நவீனத்துவம் என்றார். கதையை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டதற்குக் காரணம் சொன்னார். யாருக்கு வேண்டும் அதெல்லாம்? எல்லாரும் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் வந்திருந்தார்கள். வாசகர் வட்டத்துப் பிரதியைக் கையில் எடுத்தாலே அந்தப் பக்கம் தானாக விரியும். வைதவர்கள் அத்தனை தடவை படித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் பங்குனி மாதம். வருஷம் பூராவும் வராத மழை, மிளகாய் வத்தல் காயப்போட்ட களத்தில் வந்து கொட்டுகிறது. ஒருத்தி களத்து நடுவில் நின்று, சேலையைத் தொடைக்கு மேலே வழித்து வானத்துக்குக் காட்டி, இதைப் பார்க்கத்தானே வந்தாய், நல்லாப் பார் என்று மழையை ஏசுகிறாள். அதற்கப்புறம் அரைப் பக்கத்துக்கு வெறும் ஏச்சு.

அவள் சொர்ணத்தாய்தான்.

வேல்ராஜ் அதைக் கண்ணால் பார்த்தவர். காலேஜ் லீவுக்கு வந்தவர், நனைந்த வத்தலைச் சாக்கில் அள்ளிக்கொண்டே பார்த்தார். எவ்வளவோ காலம் கழித்து, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கண்ணபிரானிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் பேரை மட்டும் மாற்றி எழுதிவிட்டார். அக்காவுக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே என்ற தைரியத்தில் வேல்ராஜும் கமுக்கமாக இருந்துவிட்டார்.

இன்றைக்கு என்ன கேடு காலமோ. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வத்தல் விற்க வந்திருப்பாள் போல. தம்பி மைக்கில் பேசுகிறான் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், நேரே இங்கே வந்துவிட்டாள். மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எவனாவது அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தால்? வேல்ராஜ் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

வட்டத்தின் தலைவர் சீனி அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். பொல்லாதவரில்லை. தொடையைக்கூட மன்னித்துவிடுவார், மழையை ஏசியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுத்து மாரடித்து அழுகிற சீமை இது என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார்.

"வேல்ராஜு, நம்ம கரிசக்காட்டுல மழைய ஏசுத பொம்பள ஒருத்தி உண்டுமா? ஒரே ஒருத்தியக் காட்டும். நானே போயிக் கண்ணபிரானக் கூட்டிட்டு வாரேன்."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சொர்ணத்தாய் மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

வேல்ராஜ் மைக்கை இழுத்துப் பிடித்தார். தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது, மானம் தாங்காமல் எழுந்துவிட்டாள் என்று நினைத்தார். அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது, அது முழுக்க எழுத்தாளரின் கற்பனை என்று அவசர அவசரமாக மைக்கில் சொன்னார். அது போதாதென்று, அப்படி எங்கேயும் எவளும் பேசியதில்லை என்று ஒன்றைச் சேர்த்தும் சொன்னார்.

சொர்ணத்தாய் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். கண்ணபிரானுக்கு மேடை கிடையாது என்று முடிவாயிற்று.

அக்காவும் தம்பியும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். தன் மகள் காவியா அந்தப் புஸ்தகத்தை வாசித்துக் காட்டினாள் என்று அக்கா பேச்சுவாக்கில் சொன்னபோது வேல்ராஜ் நடுரோட்டிலேயே நின்றுவிட்டார். ஆனால் அவள் கோபப்படவில்லை. தான் அன்றைக்கு ஏசியதில் பாதிதான் அதில் இருக்கிறது, மீதியைச் சொல்லத் தம்பிக்குக் கூச்சமாக்கும் என்று கேலி செய்தாள். வேல்ராஜும் சிரித்துவிட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது.

புதூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வத்தல் என்ன விலைக்குப் போயிற்று என்று அவர் கேட்டார். அவரைப் பார்க்காமலே அவள் சொன்னாள்:

"வத்தல் விக்கவா வந்தேன்? அது நாந்தான்னு சொல்லத்தாம்லே வந்தேன். எந்திச்சும் நின்னேன். அப்படி ஒருத்தியே கிடையாதுன்னுட்டியே."