பொட்டுவுக்குப் பிடிக்காத அண்ணி

“அண்ணி பொட்டுவை என்னமோ பண்றாங்க, அண்ணா.”

டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அண்ணன் பாதியிலேயே நிறுத்தினான்.

“என்ன பண்றா?”

“அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வந்து சொல்றேன்? நேரா அவங்களையே கேட்டிருப்பேன்.”

பொட்டு, தங்கை வளர்க்கும் பட்ஜி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பச்சைக் கிளி. தாடைக்குக் கீழே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அதனால் அந்தப் பெயர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதிப்பவள் தங்கை. வீட்டுக்கு வந்தால் பொட்டுவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். அதன் உடம்பு பேசும் பாஷை அவளுக்கு அத்துப்படி. ஒற்றைக் காலை வயிற்றுக்குள் செருகிக்கொண்டால் நிம்மதி. அலகை நறநறவென்று அரைத்தால் தூக்கம். தலையை மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சல்.

“நம்பலைன்னா நீயே பாரு. அவங்க வர்ற நேரம்தான்.”

கதவு திறந்தது. இரவுப் பணி முடிந்து அண்ணி உள்ளே வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சமையலறை சாமான்கள் இடம் மாறியதிலிருந்து, ஹாலில் திரைச்சீலை மாறியது வரைக்கும் தங்கைக்கு அவள்மேல் ஒரு கடுப்பு.

கூண்டுக்குள் பொட்டு விறைத்தது. இறகையெல்லாம் உடம்போடு ஒட்ட இறுக்கி, பென்சில் மாதிரி ஒல்லியாகி, கழுத்தை நீட்டி நின்றது. அண்ணி பக்கத்தில் வர வர, நகர்ந்து நகர்ந்து அந்தக் கோடிக் கம்பியில் போய் அப்பிக்கொண்டது.

அண்ணி எதையும் கவனிக்காதவள்போலக் குளிக்கப் போய்விட்டாள்.

“பார்த்தியா? போன மாசம் வரைக்கும் இப்படி இல்லை. நாம வேலைக்குப் போனப்புறம் வீட்ல இருக்கறது அவங்க மட்டும்தான்.”

“பகல்ல தூங்கவிடாம கத்துதோ என்னவோ...”

“அதுக்காகக் கை வைப்பாங்களா?”

“கை வச்சதை நீ பார்த்தியா?”

“பொட்டுவுக்கு நடிக்கத் தெரியாது, அண்ணா.”

அண்ணன் ஆறிப்போன டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று கடையில் தங்கைக்கு வேலையே ஓடவில்லை. தலைவலி என்று முதலாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தாள். பூட்டில் சாவியை ஓசைப்படாமல் திருப்பினாள்.

உள்ளேயிருந்து பொட்டுவின் அலறல்!

ஜன்னலோரம் தரையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டு. துண்டுக்குள் சுருட்டப்பட்ட பொட்டுவின் தலை மட்டும் அவள் இரண்டு விரல்களுக்கு நடுவே.

“விடுங்க அதை!”

அண்ணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆனால் விடவில்லை. “முதல்ல கதவைச் சாத்து. வெளியே பறந்துடும்.”

“எனக்கு அப்பவே தெரியும்! வாயில்லா ஜீவனைப் போய்...”

“ஒரு நிமிஷம் இரு. இதோ முடிஞ்சுது.”

பஞ்சுக் குச்சியைச் சின்னக் குப்பி ஒன்றில் தொட்டு, பொட்டுவின் அலகோரம் பதமாகத் தடவினாள். பிறகு துண்டைத் தளர்த்தினாள். பொட்டு விருட்டென்று பறந்து தங்கையின் தோளில் வந்து உட்கார்ந்தது.

கத்த வாயெடுத்த தங்கை குப்பியைப் பார்த்தாள். “என்னது அது?”

“மருந்து. அலகுகிட்ட வெள்ளையா பொரிஞ்சிருந்துச்சே, கவனிக்கலையா?”

“தினை ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்...”

“நானும்தான் நெனச்சேன். துடைச்சுப் பார்த்தேன், போகலை. பறவை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். கண்ணுக்கே தெரியாத பூச்சியாம். அப்படியே விட்டா அலகு கோணிப்போயிடும்னார். பயப்படாதே, இப்ப முக்கால்வாசி ஆறிடுச்சு.”

தங்கைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு வந்து, தினமும் இதையா பண்ணிட்டிருந்தீங்க?”

“எனக்கென்ன? தலையைச் சாய்ச்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே, அண்ணி?”

“போட்டிருப்பே. அதனாலதான் சொல்லலை.”

“ஏன்?”

தோளில் பொட்டு ஒருமுறை சிலிர்த்து, இறகையெல்லாம் உதறி, பயம் தெளிந்து தங்கையின் காதுமடலைச் செல்லமாகக் கடித்தது. அண்ணி எழுந்து, எட்ட நின்று அதைப் பார்த்தாள்.

“அமுக்கிப் பிடிச்சு மருந்து போடற ஆளைக் கண்டா அதுக்கு ஆகாம போயிடுமாம். சாயங்காலம் நீ உள்ளே நுழைஞ்சதும் குதிச்சுக்கிட்டு வருதே, அது கெட்டுடக் கூடாதில்ல?”

துண்டை மடித்துக்கொண்டே சிரித்தாள்.

“என்னைப் பிடிக்காதவங்க இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க. கூட இன்னொண்ணு சேர்ந்தா எனக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?”