ரிட்டர்ன் ட்யூபில் ஒரு போல்ட்

போல்ட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவரே வைத்ததுதான்.

காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக் ராயப்பன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான். பம்ப்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ட்யூபின் வாயை அடைத்துக்கொண்டு, துருவேறி உட்கார்ந்திருந்தது.

மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வழியில்லாவிட்டால் பம்ப்பிலேயே தேங்கும். வெயிலில் கொதிக்கும். குமிழியாகும். வண்டி நின்றுவிடும். ராயப்பன் இதையெல்லாம் அவருக்கு நிதானமாக விளக்கினான்.

பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவருக்கு.

அவரும் நல்ல மாணவனாகக் கேட்டுக்கொண்டார்.

பதினாறு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ட்யூப் வெடித்து ஒரே பெட்ரோல் வாடை. கடை இல்லை. கையில் கிடைத்த போல்ட்டைச் செருகிக் க்ளிப் போட்டார். திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று.

அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

கோடையில் தாராபுரத்திலிருந்து மனைவி பிறந்த ஊரான பவானிக்குக் கிளம்பினால், காங்கேயம் தாண்டி ஒரு வேல மரத்தருகே வண்டி நின்றுவிடும். வெயிலைத் திட்டுவார். பெட்ரோலைத் திட்டுவார். வாங்கிக் கொடுத்தவர் என்பதால் மாமனாரையும் விடுவதில்லை.

அவள் இறங்குவாள். துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் போடுவாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் போடுவதுபோல.

சூடு தணிய இருபது நிமிடம்.

வீட்டில் பேசாததையெல்லாம் அவள் அந்த மரத்தடியில்தான் பேசுவாள். அவருக்கும் எழுந்து போக வேறு இடம் இருக்காது.

இப்போது ஷெட்டின் உத்தரத்தில், மஞ்சள் துணி சுற்றிய கலசத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதாம்.

நாளை பவானி கூடுதுறையில் கரைக்க வேண்டும்.

வாடகைக் காரில் போகலாம் என்றான் மகன். இதில்தான் போக வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"அம்மாவ வெச்சுக்கிட்டு நடு ரோட்ல நிக்க முடியாதுப்பா. சரி பண்ணி வைங்க."

அதற்குத்தான் ராயப்பன்.

"எந்த மடையன் வெச்சானோ," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்கதான்னு அம்மா சொன்னாங்க சார்."

ஸ்பேனர் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தது.

"பத்து வருசம் இருக்குமுங்க. நீங்க காலேஜுக்குப் போயிருந்தீங்க. அப்பவே பாத்துட்டு எடுத்தர்றனுங்கன்னேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், சாருகிட்டச் சொல்லீராதேன்னுட்டாங்க."

அவர் உத்தரத்தைப் பார்க்கவில்லை.

ராயப்பன் புது ட்யூப் போட்டான். பழைய போல்ட்டை வாசலில் வீசினான். சித்திரை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள்.

வண்டி எங்கும் நிற்கவில்லை.

இனி ஒரே ஓட்டமாக ஆற்றுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் மண்ணில் உட்கார்ந்தார். துழாவினார். போல்ட் கிடைக்க நேரமாயிற்று. ஊதித் துடைத்தார்.

புது ட்யூபின் க்ளிப்பைத் தளர்த்தினார். போல்ட்டைச் செருகினார். பாடத்தில் நடத்தியபடியே, ஒரு சொட்டும் கசியாமல் இறுக்கினார்.

துண்டை மடித்து டேஷ்போர்டில் வைத்தார்.

பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து, முன் சீட்டுக்குக் கீழே, அவள் வைக்கும் இடத்தில் வைத்தார்.